குழுவில் போட்ட கவிதை யாருடையது?

கவிதை எழுதும் பழக்கமுள்ளவர்கள் ஒன்றுகூடும் வாட்ஸ்அப் குழுக்களும் பேஸ்புக் குழுக்களும் குமரி மாவட்டத்தில் நிறைய. நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியர், குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், தோவாளைப் பூச்சந்தையில் கணக்கு எழுதுகிறவர், வளைகுடாவில் வேலை பார்க்கும் குளச்சல்காரர் என எல்லோரும் ஒரே குழுவில் இருக்க முடிகிறது. காலையில் ஒருவர் கவிதை போடுவார். மதியத்துக்குள் ‘அருமை’கள் வந்து குவிந்துவிடும். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் பிறகுதான் வருகிறது. அதே கவிதை பெயர் இல்லாமல் குடும்பக் குழுவுக்கு வந்து சேர்கிறது, அல்லது வேறொருவர் பெயரில் வருகிறது. இதழுக்கு அனுப்பினால் ‘ஏற்கெனவே வெளியானது’ என்கிறார்கள். தொகுப்பு நூலில் சேர்க்கப் பணம் கேட்கிறார்கள். உள்ளூர்ப் பிரமுகரைக் கிண்டல் செய்த நாலு வரிக்கு, எழுதியவரை விட்டுவிட்டு அட்மினை மிரட்டுகிறார்கள். இவையெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும். அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: குழுவில் கவிதை போடுவதை நாம் பேச்சாக நினைக்கிறோம், மற்றவர்கள் அதை வெளியீடாக நடத்துகிறார்கள்.

## பேச்சா, வெளியீடா?

இலக்கியக் கூட்டத்தில் கவிதை வாசிப்பது நமக்குப் பழகிய வழி. நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ சந்திப்புகள் போன்ற கூட்டங்களில் ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், விவாதம் நடக்கும். கடைசியில் எழுதிய தாள் எழுதியவரின் சட்டைப்பைக்கே திரும்பிவிடும். குழுவில் அப்படித் திரும்புவதில்லை. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். போட்டவுடன் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒரு பிரதி உருவாகிவிடுகிறது. நம் சிற்றிதழ்களில் பல சில நூறு பிரதிகள்தான் அச்சிட்டன என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும்.

ஆனால் ‘வெளியீடு’ என்பதை எல்லோரும் ஒரே கோலால் அளப்பதில்லை. குழப்பத்தின் பாதி இங்கேதான்.

1. காப்புரிமைக்கு வெளியீடே தேவையில்லை. எழுதி முடித்ததும் உரிமை வந்துவிடுகிறது. டைரியில் இருந்தாலும் சரி, குழுவில் இருந்தாலும் சரி.
2. இதழ்களும் போட்டிகளும் பார்ப்பது, வாசகர் இதை முன்பே படித்திருக்க வாய்ப்புண்டா என்பதை. இது சட்டமல்ல, அவரவர் விதி.
3. அவதூறுக்கு அளவு மிகக் கடுமை. குறிப்பிட்ட நபரைத் தவிர மூன்றாவது ஆள் ஒருவர் படித்திருந்தாலே போதும். ‘மூடிய குழுதானே’ என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

## பெயர் தொலையும் இடம்

‘என் கவிதையைத் திருடிவிட்டார்கள்’ என்று வரும் புகார்களில் பல, திருட்டே அல்ல. செயலியின் அமைப்பு அப்படி.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்யும்போது உள்ளே இருக்கும் எழுத்து மட்டும்தான் போகிறது. முதலில் அனுப்பியவரின் பெயரும் எண்ணும் போவதில்லை. குழுவில் நம் பெயர் செய்திக்கு மேலே தானாகவே தெரிவதால், கவிதைக்கு அடியில் பெயர் எழுதத் தோன்றாது. முதல் ஃபார்வர்டிலேயே மேலே இருந்த பெயர் கழன்றுவிடும். அந்த இடத்தில் அனுப்பியவரின் பெயர் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த குழுவில் யாராவது ‘அக்கா, நீங்க எழுதினதா? சூப்பர்’ என்று கேட்பார். அக்கா ஒரு கைகூப்பும் படத்தைப் பதிலாகப் போடுவார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. இப்படித்தான் பல கவிதைகள் கை மாறுகின்றன.

ஐந்து முறையோ அதற்கு மேலோ கை மாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி வரும். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். வதந்தியைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு அது. கவிதையைக் காப்பாற்ற அது உதவாது, ஏனென்றால் நகலெடுத்து ஒட்டினால் அந்தக் குறியும் போய்விடும். பேஸ்புக்கில் ‘பகிர்’ பொத்தானை அழுத்தினால் மூலப் பதிவும் பெயரும் கூடவே போகும். அங்கேயும் நகலெடுத்து ஒட்டினால் பழைய கதைதான்.

பெயர் தொலைவது தமிழுக்குப் புதிதும் அல்ல. சங்கப் பாடல்களைத் தொகுத்தபோது சிலவற்றுக்கு எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. பாட்டில் இருந்த ஒரு தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். குறுந்தொகை 40-ஆம் பாடலின் செம்புலப்பெயனீரார், 41-இன் அணிலாடு முன்றிலார், 305-இன் குப்பைக்கோழியார், நற்றிணை 284-இன் தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லோரும் அந்த வகை. பக்தி இயக்கக் கவிஞர்கள் இதற்கு வழி கண்டார்கள். திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில், அதாவது திருக்கடைக்காப்பில், தன் பெயரையே பாட்டுக்குள் வைத்துவிடுகிறார். ஆண்டாள் ‘பட்டர்பிரான் கோதை’ என்று வைக்கிறார். பெயரை வெட்டினால் யாப்பு உடையும். பாதுகாப்பு என்றால் அது பாதுகாப்பு!

புதுக்கவிதைக்கும் ஹைக்கூவுக்கும் அந்த வசதி இல்லை. செய்யக்கூடியது இவ்வளவுதான்: கடைசி வரியை அடுத்து, இடையில் வெற்று வரி விடாமல், பெயரும் ஊரும் தேதியும் எழுதுவது. வெற்று வரி விட்டால் நகலெடுப்பவரின் விரல் அங்கேயே நின்றுவிடும். கவிதையைப் படமாக்கிப் பெயர் பொறித்துப் போடுகிறவர்களும் உண்டு. படத்தில் பெயர் எளிதில் போகாது, ஆனால் ஓரத்தை வெட்டினால் போய்விடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பானுக்குப் பெரும்பாலும் படத்தில் இருக்கும் தமிழ் எட்டாது. நாளைக்குத் தேடினாலும் அகப்படாது. ஆகவே படமும் எழுத்தும் சேர்த்துப் போடுவது நல்லது.

## சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கான சட்டம் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். கவிதைக்குத் தேவையான பகுதிகளை மட்டும் பார்க்கலாம்.

1. பதிவு கட்டாயமல்ல. எழுதியவரே முதல் உரிமையாளர். காப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். அது தகராறு வந்தால் காட்டும் சான்று மட்டுமே. அது இல்லாததால் உரிமை போகாது. தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறை பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. இந்தச் சட்டம் அப்படி எதையும் கேட்கவில்லை.

2. உரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்கவும், இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் நீடிக்கும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954-இல் காலமானார். ஆகவே அவர் பாடல்களை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், குழுவில் போடலாம். சுந்தர ராமசாமி காலமானது 2005-இல். அவர் கவிதைகளுக்கு 2065 முடியும் வரை உரிமை உண்டு. ‘இறந்துபோனவர்தானே’ என்று முழுத் தொகுப்பையும் பிடிஎஃப் ஆக்கிப் பகிர்வது தப்பு என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடைக்காது.

3. புனைபெயரில் எழுதினாலும் உரிமை உண்டு. எழுதியவர் யார் என்றே தெரியாவிட்டால் வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதற்குள் யாரென்று வெளிப்பட்டால் வழக்கமான ஆயுள் கணக்கு. சுந்தர ராமசாமி கவிதைகளைப் பசுவய்யா என்ற பெயரில் எழுதியதும், இரண்டும் ஒருவரே என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதும் இரண்டாம் வகை. குழுக்களில் புனைபெயரில் எழுதும் பெண்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: வாட்ஸ்அப் குழுவில் பெயரை மறைத்தாலும் கைப்பேசி எண் அத்தனை பேருக்கும் தெரியும். காதல் கவிதை போட்ட இரவே தனிச் செய்தியில் ‘என்ன கவலை உங்களுக்கு?’ என்று விசாரிப்பவர்கள் அந்த எண்ணைப் பிடித்துத்தான் வருகிறார்கள். எண் தெரியக்கூடாது என்பவர்களுக்குப் பேஸ்புக் குழு மேல்.

4. கருத்துக்கு உரிமை கிடையாது, சொன்ன வடிவத்துக்குத்தான் உரிமை. உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறது. ஒக்கி புயலுக்குப் பின் கரையில் நின்று கடலைப் பார்க்கும் தாயைப் பற்றி நூறு பேர் எழுதலாம். ‘என் கருவை எடுத்துவிட்டார்’ என்று யாரும் கேட்க முடியாது. அதே வரிகளை, அதே உவமையை, அதே வரிசையில் எடுத்தால் கேட்கலாம். மூன்று வரி ஹைக்கூவில் இந்தக் கோடு மிக மெல்லியதாகிவிடும். நிலவு, குளம், தவளை என்று எல்லோரும் ஒரே பொருள்களோடு உட்கார்ந்தால் இருவருக்கு ஒரே வரி வருவது அதிசயமும் அல்ல.

5. பெயர் உரிமையும் சிதைக்காதிருக்கும் உரிமையும் தனி. சட்டத்தின் 57-ஆம் பிரிவு. காப்புரிமையை வேறொருவருக்கு விற்றாலும் ‘இதை நான் எழுதினேன்’ என்று கோரும் உரிமை எழுதியவரிடமே நிற்கும். கவிதையைச் சிதைத்து அவர் மதிப்புக்கோ பெயருக்கோ கேடு வரும்படி செய்தாலும் தடுக்கலாம். ‘மதிப்புக்குக் கேடு’ என்ற நிபந்தனை முக்கியம். விளவங்கோட்டுக் கவிதையில் இருந்த ‘மரச்சீனி’யை வெளியூர்க்காரர் ஒருவர் ‘மரவள்ளி’ என்று மாற்றி அனுப்பினால் எரிச்சல் வரும். அந்த ஒரு சொல்லுக்காக இந்தப் பிரிவில் ஜெயிப்பது கடினம். கவிதையின் முடிவையே மாற்றி ஏதோ சாதிப் பெருமைக் கவிதையாக்கிவிட்டால் அது வேறு.

6. விமர்சனத்துக்காக எடுத்துக்காட்டுவது குற்றமல்ல. 52-ஆம் பிரிவு நியாயமான அளவில் மேற்கோள் காட்ட இடம் தருகிறது. நாலு வரி எடுத்து, ஏன் பிடித்தது, எங்கே இடறுகிறது என்று எழுதினால் சரி. முழுக் கவிதையையும் போட்டு அடியில் ‘ரசித்தது’ என்று எழுதினால் விமர்சனம் ஆகிவிடாது.

7. கணினி எழுதிய கவிதைக்கு யார் ஆசிரியர்? ‘கணினியால் உருவான படைப்பு’க்கு அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் 1994 திருத்தத்தில் வந்த வரி அது, இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. குழுவைப் பொறுத்தவரை, செயலி எழுதியதைத் தனதாகப் போடுகிறவர் ஏமாற்றுவது சட்டத்தை அல்ல, பக்கத்தில் இருப்பவர்களை.

சரி, யாரோ வேண்டுமென்றே எடுத்துத் தன் பெயரில் புத்தகமே போட்டுவிட்டார் என்றால்? தெரிந்தே மீறுவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 63-ஆம் பிரிவு சொல்கிறது. லாப நோக்கம் இல்லாத மீறலில் நீதிமன்றம் இதைக் குறைக்கலாம். உரிமையியல் வழக்கில் குமரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு வசதி உண்டு: மீறியவர் சென்னையில் இருந்தாலும், உரிமையாளர் தான் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். அதாவது நாகர்கோவிலிலேயே. இணையத்தில் இருப்பதை நீக்க வேண்டுமானால் தளத்துக்கு எழுத்துமூலம் புகார் தரலாம். 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அது திரும்ப வந்துவிடலாம். பூட்டிய வாட்ஸ்அப் உரையாடல்களில் இந்த வழி அவ்வளவாகப் பயன்படாது.

ஆதாரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது அதனுடன் ஒரு சான்றிதழும் வேண்டும். இப்போது அது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. மூலச் செய்தி இருக்கும் கைப்பேசியைத் தொலைக்காமல் வைத்திருப்பதும், எழுதிய அன்றே கவிதையை மின்னஞ்சலில் சேர்த்துவைப்பதும் செலவில்லாத காரியங்கள். நடைமுறையில் இந்தத் தகராறுகளில் அநேகம் வழக்குவரை போவதில்லை. தேதியோடு மூலச் செய்தியைக் காட்டியதும் எதிராளி ‘தெரியாம நடந்துபோச்சு’ என்று இறங்கிவிடுவார்.

## திருத்தம் சொன்னவருக்குப் பங்கு உண்டா?

இல்லை. இருவர் சேர்ந்து எழுதி, யார் பகுதி எது என்று பிரிக்க முடியாதபடி இருந்தால்தான் கூட்டுப் படைப்பு. ‘மூன்றாவது வரியை எடுத்துவிடுங்கள்’ என்று சொன்னவர் ஆசிரியர் ஆகமாட்டார். முழுப் பத்தியையே எழுதிக் கொடுத்து அதை அப்படியே சேர்த்துக்கொண்டால் மட்டும் பேச வேண்டிவரும். ஒருவர் முதலடி போட அடுத்தவர் தொடரும் சங்கிலிக் கவிதைகளில் அடிதோறும் பெயர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

## இதழுக்கும் போட்டிக்கும் அனுப்பும்போது

‘வேறெங்கும் வெளியாகாதது’ என்று உறுதிமொழி கேட்கும் இடங்களில் சமூக ஊடகப் பதிவையும் வெளியீடாகக் கணக்கிடுகிறவர்கள் அதிகமாகி வருகிறார்கள். பொதுவில் போட்ட பேஸ்புக் பதிவு அதில் அகப்பட்டுவிடும். பத்துப் பேர் இருக்கும் திருத்தக் குழுவில் போட்டதைப் பலர் பொருட்படுத்த மாட்டார்கள். எது எப்படி என்பது இதழுக்கு இதழ் மாறும், ஆகவே அனுப்பும்போதே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. பதிவை அழித்துவிட்டு அனுப்புவது உதவாது. வாட்ஸ்அப்பில் ‘அனைவருக்கும் நீக்கு’ என்பது ஏறத்தாழ இரண்டரை நாள் வரைதான் வேலை செய்யும். அதற்குள் எத்தனை பேர் நகலெடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியவும் தெரியாது.

## பணம் கட்டினால் தொகுப்பில் இடம்

கவிதைக் குழுக்கள் வளர்ந்ததும் கூடவே ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. ‘தேர்ந்தெடுத்த 100 கவிஞர்களின் தொகுப்பு, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய், ஐஎஸ்பிஎன் எண் உண்டு, சான்றிதழ் உண்டு, உலக சாதனை முயற்சி’ என்று அறிவிப்பு வரும். உதாரணத்துக்குத் தலைக்கு 500 ரூபாய் வைத்துக்கொண்டால் 100 பேருக்கு 50,000 ரூபாய், விற்பனை தொடங்கும் முன்பே. பிரதிகளை வாங்குகிறவர்களும் பெரும்பாலும் அதே நூறு பேரும் அவர்கள் வீட்டாரும்தான். இதில் ஏமாற்று இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. செலவைப் பகிர்ந்துகொண்டு புத்தகம் போடுவது நேர்மையான காரியமாகவும் இருக்கலாம். கவிதையைத் தேர்ந்தெடுத்தார்களா, பணத்தைத் தேர்ந்தெடுத்தார்களா என்பதுதான் வேறுபாடு. பணம் கட்டிய யாருடைய கவிதையாவது திருப்பி அனுப்பப்பட்டதா என்று கேட்டுப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

அறிவிப்பில் வரும் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

1. ஐஎஸ்பிஎன்: புத்தகத்துக்கான அடையாள எண். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகத் தருகிறது. அதற்காகத் தனிக் கட்டணம் கேட்டால் ஏன் என்று கேட்கலாம். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2. உரிமை ஒப்படைப்பு: காப்புரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு வைத்துக்கொள்கிறது. ‘எல்லா உரிமையும் தொகுப்பாளருக்கே’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாமல், ‘இந்தத் தொகுப்பில் ஒருமுறை அச்சிட மட்டும் அனுமதி’ என்று மாற்றிக் கேட்பதில் தப்பில்லை.

3. நூலகப் பிரதி: 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமரா நூலகத்துக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் போக வேண்டும். ‘கன்னிமராவுக்கு அனுப்பிவிட்டீர்களா?’ என்ற ஒரு கேள்வியில் பதிப்பாளர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.

4. உலக சாதனை: சான்றிதழ் கொடுப்பது தனியார் அமைப்பு. அரசு அங்கீகாரம் என்று எதுவும் இதில் இல்லை.

5. கௌரவ டாக்டர்: பட்டம் வழங்கும் அதிகாரம் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும், அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே என்று 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் சொல்கிறது. ஓட்டல் மண்டபத்தில் பொன்னாடையோடு கிடைப்பது டாக்டர் பட்டம் அல்ல.

ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று இரண்டு பெயரும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. புலவர்களிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று வசூலித்ததாகச் செய்தி இல்லை.

## அட்மின் தலையில் விடியுமா?

உறுப்பினர் போட்டதற்கு அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதே நீதிமன்றங்கள் இதுவரை எடுத்த நிலை. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் அப்படித் தீர்ப்பளித்தன. குமரி மாவட்டம் சேரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில், அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு இல்லையென்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்றது. அட்மினும் சேர்ந்து அந்த வரியைப் பரப்பினால், திட்டமிட்டால், இந்தப் பாதுகாப்பு இல்லை.

எழுதியவருக்கோ பொறுப்பு முழுமையாக உண்டு. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. பெயர் சொல்லாமல் அடையாளம் மட்டும் காட்டினாலும் ஊருக்குத் தெரிந்தால் போதும். ‘கவிதைதானே’ என்பது தனி விலக்கு அல்ல. அங்கதம் எழுதக் கூடாது என்பதல்ல இதன் பொருள். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழிமுறையையே கிண்டல் செய்து கவிமணி எழுதிய மண் இது. அவர் தாக்கியது ஒரு வழக்கத்தை. குறிப்பிட்ட ஆள் மேல் அவர் மதிப்பைக் குலைக்கும் செய்தியை ஏற்றும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது. புகார் வந்தால் அட்மினால் யாருடைய செய்தியையும் எல்லோருக்கும் நீக்க முடியும். நீக்கும் முன் ஒரு பிரதியை எடுத்து வைப்பது எழுதியவருக்கும் நல்லது, அட்மினுக்கும் நல்லது.

## ‘அருமை’ மட்டும் வருவது ஏன்?

இதுவரை சொன்னது கவிதை வெளியே போவதைப் பற்றி. குழுவில் கவிதை போடுகிறவர் பதிலுக்குத்தானே காத்திருக்கிறார். அந்தப் பதில் ஏன் ஒரே சொல்லாக வருகிறது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழுவில் நாளைக்கு 30 கவிதை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்து இரண்டு வாக்கியம் எழுத நான்கு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம் வேண்டும். வேலைக்குப் போகிறவரால் முடியாது. பதில் போடாமல் விட்டால் மனஸ்தாபம், நாளை நம் கவிதைக்கும் பதில் வராது. ஆகவே ஒரு சொல், ஒரு கைதட்டும் படம். இது பொய் அல்ல, மொய் மாதிரி. வாங்கியதைத் திருப்பி வைக்கிறார்கள். பிழையை எடுத்துச் சொன்னால் என்ன ஆகும் என்ற பயமும் உண்டு. சொன்னது 300 பேர் முன்னால் நிற்கும், குரலின் கனிவு எழுத்தில் தெரியாது.

மரபுக்கவிதைக் குழுக்களில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார்கள். வெண்பாவுக்குத் தளை, அதாவது சீரோடு சீர் சேரும் விதி, உண்டு, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் ஒன்றாக முடிய வேண்டும். ‘இரண்டாம் அடியில் தளை தட்டுகிறது’ என்றால் யாரும் கோபப்பட முடியாது. அது அபிப்பிராயம் அல்ல. ‘அவலோகிதம்’ போன்ற மென்பொருளில் போட்டு அவரே சரிபார்த்துக்கொள்ளலாம். புதுக்கவிதைக்கு அப்படி ஒரு பொதுக் கணக்கு இல்லை. அங்கே பிழை சொல்வது ஆளைச் சொல்வதாக ஆகிவிடுகிறது.

ஆனால் பிழையைச் சொல்ல நம்மிடம் சொற்கள் இல்லாமல் இல்லை. நூலுக்குரிய பத்துக் குற்றங்கள் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. இலக்கண நூலுக்குச் சொன்னதுதான், இருந்தாலும் குழுவில் வரும் கவிதைகளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. நன்றாகத் தொடங்கிப் போகப் போக வலுவிழந்து முடியும் கவிதையைப் பார்த்து ‘முடிவு சரியில்லை’ என்பதைவிட ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்பது எழுதியவருக்குத் தெரியும். சொற்கள் அடுக்காக வந்து பொருள் இல்லாமல் போனால் வெற்றெனத் தொடுத்தல். முதல் வரியில் சொன்னதையே கடைசி வரியில் விளக்கினால் கூறியது கூறல். என் கணிப்பில் குழுக் கவிதைகளின் தலையாய நோய் இந்தக் கடைசி ஒன்றுதான்.

பிழை சொல்வதையே வேலையாக ஏற்ற ஒருவர் இந்த மாவட்டத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறார். தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம், அதாவது முன்னுரை, சொல்கிறது. அவர் ஊர் விளவங்கோடு பக்கத்து அதங்கோடு என்பது இங்கே நெடுநாளாகச் சொல்லப்படுவது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லும் கதைப்படி, ‘அந்த நூலைக் கேட்காதே’ என்று அகத்தியர் தடுக்கிறார். தொல்காப்பியரோ கேட்டே ஆக வேண்டும் என்கிறார். ஆசான் இருவரையும் பகைக்காமல், கேட்டுக் குற்றம் சொல்வது என்று முடிவு செய்கிறார். குற்றம் சொல்லச் சொல்லத் தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறார். கதை நடந்ததோ இல்லையோ, அதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது: ஒரு நூல், பிழை சொல்ல ஒருவர், பதில் சொல்ல எழுதியவர், கேட்க ஒரு அவை.

இதே ஏற்பாட்டை வாட்ஸ்அப்பில் செய்ய முடியும். குழு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

1. பாராட்டு மட்டும் போதும் என்பவரும் திருத்தம் வேண்டும் என்பவரும் கலந்திருப்பதுதான் முதல் தகராறு. திருத்தம் வேண்டுவோர் கவிதைக்கு மேலே ‘கருத்து வேண்டி’ என்று எழுதலாம். அது இல்லாத கவிதையில் யாரும் பிழை தேட வேண்டாம்.
2. வாரத்துக்கு ஒரு கவிதை, முறைவைத்து. அந்த வாரம் பிழை சொல்லும் பொறுப்பு இருவருக்கு. அவர்கள் மட்டும் விரிவாக எழுதினால் போதும்.
3. எழுதியவர் ஒரு நாள் பதில் சொல்லாமல் இருப்பது. உடனே விளக்கத் தொடங்கினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.
4. வரியைக் குறிப்பிடாத கருத்து வேண்டாம்.

பாயிரம் எழுதத் தகுந்தவர்கள் தன் ஆசிரியர், தன்னொடு கற்றவர், தன் மாணாக்கர், தகுந்த உரைகாரர் என்று நால்வரை நன்னூல் குறிக்கிறது. நம் குழுக்களில் நிறைந்திருப்பது இரண்டாம் வகை. அது குறையல்ல. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனாரும் உடன் பயின்றவர் என்றே சொல்லப்படுகிறார். உரைகாரருக்குத்தான் பஞ்சம். அந்தப் பொறுப்பை முறைவைத்து ஏற்பது இருவரால் முடியாத காரியமல்ல.

இதில் ஒரு தொழில்நுட்ப விஷயம் பாக்கி. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்த முடியும். கருத்து வந்து திருத்தும்போது அந்த நேரம் கடந்திருக்கும். அப்புறம் ஒரே கவிதையின் இரண்டு வடிவங்கள் குழுவில் கிடக்கும், பழையதே சுற்றும். திருத்திய வடிவத்தைப் புதிய செய்தியாக, மேலே ‘திருத்திய வடிவம்’ என்றும் அடியில் பெயரும் தேதியும் எழுதி, பழைய செய்திக்கு மறுமொழியாக (ரிப்ளை) இணைத்துப் போட்டால் எது கடைசி வடிவம் என்பது தெரியும். பழையதை அழிக்க வேண்டாம். எப்போது எழுதப்பட்டது, யார் என்ன சொன்னார், எது மாறியது என்ற வரிசை அதில்தான் இருக்கிறது. உரிமைத் தகராறு வந்தால் கேட்கப்போவதும் அதே வரிசையைத்தான்.